எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போதல்

1

சென்ற வாரம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். ஏதோ கணக்கெடுப்பு. இணையத்தில் நான் நிரப்பியிருக்க வேண்டியது, மறந்துபோனேன். இந்த வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒன்லி மீ," என்றார் அம்மா.

வாசலில் தம்பி கவினின் சப்பாத்துகள் இரண்டு தோணிகள் போலக் கிடந்தன. மேல்மாடியில் அவன் குளிக்கும் சத்தம். நான் சமையலறை மேசையில் இருந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வந்தவளுக்கு என் முதுகு தெரிந்தது, தலையைத் திருப்பினால் எனக்கும் அவள் தெரிந்தாள். அவள் சப்பாத்துகளைப் பார்த்தாள், என் முதுகைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு வருவதாக ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"அப்ப நான் ஆர், அம்மா?"

"நீ உன்ர பாட்டில சாப்பிடு. அந்தப் பிள்ளை ஆரெண்டு எனக்குத் தெரியுமோ?"

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அம்மாவின் பதிலை விளக்க வேண்டியதில்லை. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த கவினுக்கு விளக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கம் சென்ற ஒக்ரோபர் மாதம், நெவாடா மாநிலத்தின் பாலைவனத்தில், பழுதாகிப்போன ஒரு ஜீப்புக்கு அருகே, ஒரு பாறையின் நிழலில் நடந்தது. அதனால்தான் ஒரு பாலைவனப் பயணக் குறிப்பை எங்கள் வீட்டு வாசலில் இருந்து தொடங்குகிறேன்.

2

முதலில், ஏன் பாலைவனம்?

வாகனங்களின் அடிப்பகுதிப் பாகங்களைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் நான் பொறியியலாளர். சுருள்வில், அதிர்வுதாங்கி, முன்சில்லுகளைத் திருப்பும் கம்பி போன்றவை எங்களிடம் வரும். எத்தனை தூரம் தாங்கும், எங்கே வெடிக்கும், எப்படி வளையும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. கூடத்தில் ஓர் இயந்திரம் இருக்கிறது. வாகனத்தின் முன்பாதியை அதில் ஏற்றிப் பூட்டினால் அது குலுக்கும். கண்டபடி குலுக்காது. யாரோ ஒருவர் முன்பொருமுறை உண்மையான ஒரு பாதையில் ஓடி, மேடு பள்ளம் எல்லாவற்றையும் அளந்து பதிவுசெய்திருக்கிறார். இயந்திரம் அந்தப் பதிவைத் திரும்ப ஓட்டுகிறது. பதிவின் பெயர் 'நெவாடா'.

காலையில் நான் வேலைக்குப் போய்ச் சேரும்போது வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். பூட்ஸைத் தட்டிவிட்டு, விசையை அழுத்தினால் உள்ளே நெவாடா ஓடத் தொடங்கும். சில வருடங்களில் அந்தப் பாதை எனக்குக் காதால் மனப்பாடமாகிவிட்டது. முதலில் நீளமான ஒரு நடுக்கம். பிறகு இடது பக்கம் மட்டும் விழும் ஒரு பள்ளம். பிறகு மூன்று பெரிய இடிகள். மூன்றாவது இடிக்குப் பிறகு இயந்திரம் திடீரென்று அமைதியாகிவிடும். பழுதாகிவிட்டதோ என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் எழுந்து பார்ப்பார்கள். பழுதில்லை. பாதையே அந்த இடத்தில் அப்படித்தான்.

நடுப் பாலைவனத்தில் அவ்வளவு வழுவழுப்பாக என்ன இருக்க முடியும்? தேநீர் குடிக்கும்போதெல்லாம் இதை யோசித்தேன். உப்புத்தரையா? யாராவது தார் போட்டார்களா? பதிவுடன் இருந்த பழைய குறிப்புகளில் பாதை தொடங்கும் இடம் எழுதியிருந்தது. வரைபடத்தில் தேடினேன். கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்குப் போகும் பாதை அது.

கவினிடம் சொன்னேன். இறுதியாண்டுப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன் தலையை உயர்த்தினான்.

"அக்கா, ஒரு சத்தத்தைப் பாக்கிறதுக்கோ நெவாடா போகப்போறியள்?"

"ஓம்."

"தட்ஸ் தி நேர்டியெஸ்ற் திங். நானும் வாறன்."

3

நான் பட்டியல் போடுபவள். தண்ணீர், காற்று அளக்கும் கருவி, மண்வெட்டி, வரைபடம், இழுக்கும் பட்டி, மேலதிக ரயர், முதலுதவிப் பெட்டி. அம்மா தன் பங்குக்குப் பருத்தித்துறை வடையும் பயத்தம் பணியாரமும் ஒரு பெட்டி நிறையச் செய்து வைத்தார். அவை பட்டியலில் இல்லை. பின்னால் நினைத்துப் பார்த்தால், மண்வெட்டியைவிட அவைதான் உதவின.

சாதாரண வாடகை வாகனத்தைத் தார்ப் பாதையை விட்டு இறக்கவே விடமாட்டார்கள். லாஸ் வேகாஸுக்கு வெளியே, பாலைவனத்துக்கென்றே ஜீப் வாடகைக்குக் கொடுக்கும் சிறிய கடை ஒன்றைப் பிடித்தேன். போன் எடுபடாத இடத்தில் இருந்தும் செய்மதி மூலம் செய்தி அனுப்பும் ஒரு கருவியையும் அவர்களிடமே கேட்டு, முதலே தபாலில் வரவழைத்தேன். புதிய போன்களில் அந்த வசதி உண்டாம், எங்கள் இருவருடையதும் பழையவை. ஆனால் கருவியின் கணக்கைத் திறக்க அமெரிக்க முகவரி வேண்டும் என்றது. கனேடியத் தபால் குறியீட்டில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். அதை எத்தனை விதமாகத் தட்டினாலும் பிழை என்றது. உதவி எண்ணில் காத்திருந்து காத்திருந்து பாட்டுத்தான் கேட்டேன். கடைசியில் உயிரில்லாத கருவியை மற்றச் சாமான்களோடு பெட்டிக்குள் வைத்தேன்.

அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் ரொறன்ரோ விமான நிலையத்திலேயே இருப்பார்கள். பயணத்தின் நோக்கம் என்ன என்று ஒருவர் கேட்டார்.

"ஒரு பாதையைப் பார்ப்பதற்கு," என்றேன்.

"அந்தப் பாதையில் என்ன இருக்கிறது?"

"அது தெரியாது. அதைத்தான் பார்க்கப் போகிறோம்."

பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்த என் கடவுச்சீட்டை அவர் முன்னும் பின்னும் திருப்பினார். "வேகாஸ், சார்," என்று கவின் குறுக்கே புகுந்து சொன்னான். உடனே வழி விட்டார். என் தம்பிக்கு இந்தக் கண்டத்தின் வாசல்களில் எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்று பிறவியிலேயே தெரியும்.

ஆனால் கடினமான வாசல் அதற்கு முதலே வந்துவிட்டது. அது எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி.

பாலைவனம் போகிறவர்களுக்கு எல்லாரும் சொல்லும் முதல் விதி ஒன்றுதான். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் ஒரு தாளில் எங்கள் பெயர்கள், ஜீப்பின் நிறம், போகும் பாதை, கொண்டுபோகும் தண்ணீரின் அளவு எல்லாம் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். கடையில் ஜீப்பை எடுத்ததும் அதன் இலக்கத்தையும் போனில் சொல்வதாக ஏற்பாடு.

"என்ன உது?" என்றார் அம்மா.

"நாங்கள் எங்க போறம் எண்டு. ஞாயிறு பொழுதுபட முதல் போன் எடுப்பம். எடுக்காட்டி, திங்கள் காலமை இந்த நம்பருக்கு எடுத்து இதில இருக்கிறதை அப்பிடியே வாசியுங்கோ."

"உது ஆற்ர நம்பர்?"

"ஷெரிப். அந்த இடத்துப் பொலிஸ்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பொலிசுக்கு நானா எடுத்து, என்ர பிள்ளையள் இன்ன இடத்தில நிக்கினம் எண்டு சொல்லுறதோ? உனக்கென்ன விசரோ?"

"அம்மா, இது கனடா."

"நீ போறது அமெரிக்கா."

இரண்டு நாள் இழுபறி. தாளைக் கிழிக்கவில்லை என்பதே என் வெற்றி. ஆனால் நாங்கள் புறப்பட்ட அன்று பார்த்தால், கோயில் கலண்டரைக் கொண்டுவந்து தாளுக்கு மேல் தொங்கவிட்டிருந்தார். ஆரும் வீட்டுக்கு வந்தால் கண்ணில் படக்கூடாதாம்.

4

தார்ப் பாதையை விட்டு இறங்கியதும் செய்யும் முதல் வேலை, ரயர்களில் இருந்து காற்றைக் குறைப்பது. கல்லிலும் மணலிலும் மெத்தென்ற ரயர்தான் பிடிக்கும். கவின் ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் குந்தியிருந்து காற்று சீறுவதைக் கேட்டான். "அம்மா கண்டால் நெஞ்சில அடிச்சுக் குழறுவா," என்றான்.

பிறகு நான்கு சில்லும் இழுக்கும் நிலைக்குப் பல்லிணையை மாற்றிக்கொண்டு ஓடத் தொடங்கினோம். நீளமான நடுக்கம் வந்தது. தகரக்கூரை போல வரிவரியாகச் சுருங்கிய மண். இந்த வரிகளை யாரும் போடவில்லை. ஓடுகிற வாகனங்களே துள்ளித் துள்ளி உண்டாக்குகின்றன, பின்னால் வருபவை இன்னும் ஆழமாக்குகின்றன. இருக்கையில் நடுங்கிக்கொண்டே எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடமும் கேட்ட சத்தத்துக்குள் இப்போது நானே இருந்தேன்.

"இப்ப இடது பக்கம் விழும்," என்றேன். விழுந்தது.

"அக்கா, தட்ஸ் கிரீப்பி."

ஓர் இடத்தில் உள்ளங்கை அளவு மயிர்ச்சிலந்தி ஒன்று பாதையைக் கடந்துகொண்டிருந்தது. இலையுதிர்காலத்தில் ஆண் சிலந்திகள் துணை தேடி நடக்குமாம். கவின் ஜீப்பை நிறுத்திவிட்டு, "பெரியவர் போகட்டும்," என்று கைகட்டிக்கொண்டு நின்றான். செம்புழுதி அவன் முகமெல்லாம் படிந்திருந்தது. வலப்புருவத்தை இரண்டாகப் பிரிக்கும் பழைய தழும்புக்குள் அது சிவப்புக் கோடாகத் தெரிந்தது. சின்ன வயதில் பிளாசாவில் சாமான் வண்டிலில் ஏறி நின்று விழுந்த காயம் அது.

தரையில் கறுப்பாகப் பொருபொருவென்று ஒரு தோல் பரவியிருந்தது. அதுவும் உயிருள்ளதுதான். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மணலைப் பிடித்துவைத்து, காற்று அள்ளிப்போகாமல் காக்கின்றன. ஒரு காலடி பட்டால் அந்த இடம் தேற எத்தனையோ வருடம் எடுக்கும். அதனால் தடத்தை விட்டு இறங்கக்கூடாது என்பது இங்கே விதி. கவின் இறங்குவதும் நான் கூப்பிடுவதுமாக இருந்தோம்.

எட்டு வயதில் ஊரை விட்டு வந்த எனக்கு நினைவுகள் அதிகம் இல்லை. இருப்பவற்றில் ஒன்று, பள்ளிக்கூடம் போகும்போது ஒழுங்கையின் நடுவில் மட்டும் நடந்தது. மற்றவர்களின் காலடி இருக்கும் இடத்தில்தான் கால் வைக்கவேண்டும், ஓரத்தில் மிதிவெடி இருக்கலாம். பாலைவனத்தில் இந்த விதி எனக்கு ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று யோசித்தபோது அது ஞாபகம் வந்தது. அங்கே மண்ணிடமிருந்து நாங்கள் தப்ப வேண்டியிருந்தது. இங்கே எங்களிடமிருந்து மண் தப்ப வேண்டியிருக்கிறது.

முதல் இரவை ஒரு பாறைத் தட்டில் கூடாரம் போட்டுக் கழித்தோம். ஞாயிறு காலை மூன்று இடிகளும் வந்தன. கற்படிகள் அவை. ஜீப் மெதுவாக, யானை இறங்குவதுபோல ஒவ்வொன்றாக இறங்கியது. மூன்றாவதுக்குப் பிறகு, அந்த அமைதி.

அது ஒரு காய்ந்த ஆறு. இரண்டு பக்கமும் ரோஸ் நிறப் பாறைச் சுவர்கள், நடுவில் மாவு அரித்துக் கொட்டியது போன்ற மணல். எங்கள் வழுக்கியாற்றைப் போல மழைக்கு மட்டும் ஓடிவிட்டு மறையும் ஆறு. ரயர்கள் சத்தமே இல்லாமல் போயின. ஸ்காபரோவில் தேநீர்க் கோப்பையோடு நான் யோசித்த இடம் இதுதான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அப்போது கீழே 'டங்' என்று ஒரு சத்தம்.

5

மணலுக்குள் ஒரு கல் புதைந்திருந்தது. பதிவில் அது இல்லை. பதிவு எடுத்த பிறகு ஏதோ ஒரு வெள்ளம் கொண்டுவந்து போட்டிருக்கும். நான் மல்லாந்து படுத்துக் கீழே பார்த்தேன். சில்லுகளைத் திருப்பும் கம்பி வில்லாக வளைந்திருந்தது. முன்சில்லு ஒன்று கிழக்கே பார்த்தது, மற்றது மேற்கே.

"உங்களால சரிப்பண்ண ஏலாதோ? இதுதானே உங்கட வேலை?"

"என்ர வேலை உடைக்கிறது. சரிப்பண்ணிறது வேற டிப்பார்ட்மென்ற்."

ஆற்றுக்குள் இருக்கக்கூடாது. எங்கோ மலையில் பெய்யும் மழை இங்கே வெள்ளமாக வரலாம். தண்ணீரையும் சாப்பாட்டையும் கரைக்கு ஏற்றி, பாறை நிழலில் விரிப்பைக் கட்டினோம். வாகனத்தை விட்டுவிட்டு நடக்கக்கூடாது என்பதும் விதி. நடந்தவர்களைத்தான் தேடிப்பிடிப்பது கடினம். தண்ணீர் புதன்கிழமை வரை தாராளமாகக் காணும். அதற்குப் பிறகு காணாது. வார நாட்களில் இப்படியான பாதைகளில் எவரும் வரமாட்டார்கள் என்று ஜீப் கடைக்காரர் முதலே சொல்லியிருந்தார். எந்தப் பாதை என்று அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பாதை எழுதப்பட்டிருந்த ஒரே இடம், மல்வேர்னில் ஒரு கோயில் கலண்டருக்குப் பின்னால்.

ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை காலை வெயில் ஏற, இருவரும் வடையைக் கடித்துக்கொண்டு இருந்தோம். கவின் வழமையில் பகிடி விடாமல் இருப்பவன் இல்லை. அன்று கற்களைப் பொறுக்கிக் குவித்துக்கொண்டிருந்தான்.

"இப்ப அம்மா எடுத்திருப்பா," என்றேன்.

"அம்மா எடுக்கமாட்டா, அக்கா."

"ஏன்ரா அப்பிடிச் சொல்லுறாய்?"

அவன் ஒரு கல்லை எடுத்து ஆற்றுக்குள் எறிந்தான். "கிரேட் த்ரீல எனக்கு ஒருநாள் காய்ச்சல். ஸ்கூல் ஒபிஸில இருத்திப்போட்டு வீட்டுக்குக் கோல் பண்ணிச்சினம். ஸ்பீக்கரில. 'நோ கவின் ஹியர்' எண்டு சொல்லிப்போட்டு அம்மா வைச்சிட்டா. அவை நம்பரைச் சரிபாத்துத் திரும்ப எடுத்திச்சினம். திரும்பவும், 'நோ. ஐ ஹாவ் நோ சன்.' ஐ வாஸ் சிற்றிங் ரைட் தெயர்."

"நீ எனக்குச் சொல்லவேயில்லை."

"வாட் வுட் ஐ சே? அம்மாவுக்கு என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். பிறகு, அவவுக்கு இங்கிலீஷ் விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். பட் அவவுக்கு நல்லா விளங்கும், அக்கா. ஷீ நியூ."

அன்றைக்கு அவனை யார் கூட்டிவந்தார்கள் என்று கேட்டேன். அப்பாவின் வேலையிடத்துக்கு எடுத்தார்களாம், அவர் வந்தாராம். அப்பா இப்போது இல்லை. ஆகவே இந்தக் கதையை வீட்டில் எனக்குச் சொல்லக்கூடியவன் இவன் ஒருவன்தான். இத்தனை வருடமும் சொல்லாமல் இருந்திருக்கிறான்.

நான் அவனுக்குச் சின்னமாமாவின் கதையைச் சொன்னேன். மாமா அம்மாவின் தம்பி, பாரிஸில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், இவனுக்குப் பிறந்தநாளுக்கு வீடியோவில் வந்து பாடுபவர். சண்டைக் காலத்தில் ஒருநாள் அவர் எங்கள் ஊர் வீட்டுக் கூரைக்கும் உட்தட்டுக்கும் நடுவில் குப்புறப் படுத்திருந்தார். வாசலில் ஆமிக்காரர். அம்மாவுக்கு அப்போது கவினைவிட வயது கொஞ்சம்தான் கூட, இடுப்பில் கைக்குழந்தையாக நான். உன் தம்பி எங்கே என்று பெயரையும் சொல்லிக் கேட்டார்கள். எனக்குத் தம்பியே இல்லை என்றார் அம்மா. மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அதையே சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள்.

கவின் எறியக் கையில் எடுத்த கல்லை எறியாமல் வைத்திருந்தான். "மாமாவுக்கு மேல கேட்டிருக்குமே?"

"ஓம். நேர மேலதான் படுத்திருந்தவர்."

"தனக்கு ஒரு தம்பி இல்லை எண்டு அம்மா சொன்னதை?"

"ஓம்."

"வாட் டிட் ஹீ திங்க்?"

"'நல்லாச் சொல்லுறா' எண்டு நினைச்சிருப்பார்."

முதலில் அவன் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்தான், புழுதி என்றான். பிறகு கல்லைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா, அப்ப கட்டாயம் எடுக்கமாட்டா," என்றான்.

எனக்கும் அப்போதுதான் அது உறைத்தது. அம்மாவின் முறை ஓர் உயிரைக் காப்பாற்றிய முறை. சோதித்து, தேறிய முறை. அதைக் கைவிட்டு என் தாளை நம்பச் சொல்லும் அளவுக்கு என் தாள் எந்தச் சோதனையில் தேறியது?

6

திங்கள் பின்னேரம் மேற்கே ஒரு புழுதிக்கோடு எழும்பியது. கற்படிகளில் இறங்கும் சத்தம் எனக்கு முதலில் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அமைதி.

வெள்ளை நிற ஷெரிப் வாகனம். இறங்கியவர் வயதில் பெரியவர், பாரமான உடம்பு. வணக்கம் சொல்லவில்லை. நேரே கவினிடம் வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, அவன் முகத்துக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"வலது புருவம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சரி. நீதான் கவின்."

கவின் புருவத்தைத் தொட்டான்.

"நீங்கள் பட்டியல் போடும் மகள்," என்று என்னிடம் சொல்லி, இருவருக்கும் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் தந்தார். டேல் என்று தன் பெயரைச் சொன்னார். "உங்கள் அம்மாவுக்கு என் பெயர் ஏற்கெனவே தெரியும்."

வெளியே வரும் வழியில் நடந்ததைச் சொன்னார். காலையில் ஜீப் திரும்பி வராததால் கடைக்காரர், அவசரத் தொடர்பு என்று நாங்கள் எழுதிக்கொடுத்த எண்ணில் அம்மாவுக்கு எடுத்திருக்கிறார். கவின் என்று ஒருவரையும் தெரியாது, தவறான எண் என்று பதில் வந்திருக்கிறது. இரண்டாம் முறையும் அதே பதில். கடைக்காரர் ஷெரிப் அலுவலகத்துக்கு அறிவித்தார், ஆனால் எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்படி இருக்கும்போது மதியமளவில் ஒரு பெண் தானாக எடுத்திருக்கிறார். ஷெரிப் அலுவலகத்தில் அழைப்பை ஏற்றவர் விபரம் கேட்டபோது அம்மா சொல்ல மறுத்துவிட்டாராம்.

"'யார் போகப்போகிறது? போகிற ஆளோடுதான் கதைப்பேன்' என்றார். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் எடுத்து ஹலோ சொன்னேன். என் பெயரைக் கேட்டார். எழுத்துக் கூட்டச் சொன்னார். என் பட்ஜ் இலக்கம். பிறகு என் வாகனத்தின் இலக்கம். அதையும் எழுதிக்கொண்டு, திருப்பி வாசித்துக் காட்டினார். என் பட்ஜ் இலக்கத்தைக் கேட்பவர்கள் வழமையாக என்மீது முறைப்பாடு எழுதுகிறவர்கள்தான்." சிரித்தார். "அதற்குப் பிறகு சொன்னார். எந்தப் பாதை, எந்த ஜீப், எவ்வளவு தண்ணீர். எல்லாம். இப்படி ஒரு விபரம் எனக்கு யாரும் தந்ததில்லை."

"என்னைப் பற்றி என்ன சொன்னார்?" என்று பின் இருக்கையில் இருந்து கவின் கேட்டான்.

டேல் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "'மை சன்' என்றார். 'மை சன் கவின். உயரம். வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. தொப்பி போடச் சொன்னால் போடமாட்டான்.' தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் கூட்டிவர வேண்டும் என்று எனக்கு உத்தரவு."

கவின் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தார்ப் பாதை வரும்வரை திரும்பவில்லை.

7

போனில் கோடுகள் வந்ததும் வீட்டுக்கு எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, நாங்கள்."

சுகமா என்று அம்மா கேட்கவில்லை. "கூட்டிக்கொண்டு வாறவன்ர பேர் என்ன?"

"டேல்."

"நம்பர்?"

கவின் முன்னுக்கு எட்டி, அந்த மனிதரின் நெஞ்சில் இருந்த பட்ஜைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தான். அந்தப் பக்கம் தாள் சரசரத்தது.

"ஓம். அவன்தான்." ஒரு பெரிய மூச்சு. "தம்பி, சாப்பிட்டியோ?"

"ஓம், அம்மா. வடை சாப்பிட்டனாங்கள்."

"தொப்பி?"

"போட்டிருக்கிறன்," என்றான் கவின். பொய். டேலுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தன்னுடைய தொப்பியைக் கழற்றிப் பின்னால் நீட்டினார்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவிடம் கேட்டேன், எப்படி மனம் வந்தது என்று. அம்மா அதை ஒரு பெரிய விசயமாகவே எடுக்கவில்லை.

"ஆரெண்டு சொல்லாதவனுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். அந்தக் கடைக்காரன் தன்ர பேரைச் சொன்னவனோ? இல்லை. வைச்சிட்டன். பிறகு யோசிச்சன். சொல்லாட்டி நீங்கள் அங்க கிடந்து காய்வியள். சொல்லத்தான் வேணுமெண்டால் முதல் அவன்ர பேரையும் நம்பரையும் எடுக்கவேணும். எங்கட பக்கத்து வீட்டு மனிசி, புருசனை ஏத்திக்கொண்டு போன வாகனத்தின்ர நம்பரைக் கரியால சுவரில எழுதி வைச்சவ. அதை வைச்சுத்தான் அந்தாள் எந்தக் காம்பில எண்டு கண்டுபிடிச்சு எடுத்தது. எழுதாத வீடுகளில ஒண்டும் நடக்கேல்லை."

ஆக, அம்மாவிடம் எப்போதும் இரண்டு விதிகள் இருந்திருக்கின்றன. நாங்கள் பார்த்து வளர்ந்தது முதலாவதை மட்டும்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்து வந்த அந்த அழைப்பைப் பற்றிக் கவின் அம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. ஆனால் இப்போது அவனுக்குத் தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு வந்தால், முதலில் அவர்களின் பெயரைத்தான் கேட்கிறான். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறான். கூடத்தில் அந்த மூன்றாவது இடிக்குப் பிறகு இயந்திரம் அமைதியாகும்போது, நான் இப்போதும் எழுந்து பார்ப்பதில்லை. ஆனால் கை தானாக வேலையை நிறுத்திவிடுகிறது.

8

கணக்கெடுப்புப் பெண் நேற்றுத் திரும்ப வந்தாள். இந்த முறை நான் கதவடிக்கு எழுந்து போவதற்குள் அம்மா போய்விட்டார். அவளுடைய அட்டையைக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பெயரை உரக்க வாசித்தார். எந்த அலுவலகம், அவளுக்கு மேலே இருப்பவர் யார், அவருடைய எண் என்ன என்று கேட்டுக் கலண்டரின் ஓரத்தில் எழுதினார். அந்தப் பெண் பாவம், பொறுமையாக எல்லாம் சொன்னாள்.

"இப்ப கேள்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் திருத்திக்கொண்டார்.

எத்தனை பேர் என்று அவள் கேட்டாள்.

"த்ரீ. மீ, மை டோட்டர், மை சன்."

அவள் டேப்லெட்டில் தட்டினாள். நன்றி சொல்லித் திரும்பப் போனவளை அம்மா கூப்பிட்டு நிறுத்தினார். மாடிப்படியில் தலை துவட்டியபடி கவின் நின்றிருந்தான். அவனைக் கையால் காட்டி, உயரமானவன் என்றார். வலது புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது என்றார். எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் பெண் திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினாள். அதை எழுதுவதற்கு அவளிடம் இடம் இருக்கவில்லை.